இடது கைக்கு ஒரு பத்திரிகை

இருபத்தெட்டு வருஷத் தோழி தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை என் கையில் கொடுக்கவில்லை. மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

கோயமுத்தூர் கணபதியில் எங்கள் பட்டறைக்கு முன்னால் இருக்கிற சின்ன ஆபீஸ் அறையில் நடந்தது இது. மேஜையில் வெர்னியர் அளவுகோல், டிராயிங் காகிதங்கள், பாதி குடித்த டீ எல்லாம் கிடந்தன. அவள் குங்குமத்தை எடுத்து அவளே என் நெற்றியில் வைத்துவிட்டாள். அப்புறம் தட்டோடு பத்திரிகையை எடுத்தாள். நான் எழுந்து நின்று இடது கையை நீட்டினேன், வலது கையைக் கீழே முட்டுக்கொடுத்து. அவள் பார்வை ஒரு நொடி என் கையில் நின்றது. பிறகு, "நீ எதுக்கு புள்ள எந்திரிக்கறே, இரு இரு, இங்க வெக்கறேன்" என்று தட்டை டீ டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டாள். என் கை நீட்டினபடியே நின்றது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் மின்விசிறி சுவிட்சைப் போட்டேன்.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள். "கல்யாணத்தன்னிக்கு, வெள்ளிக்கெழம சாயங்காலம் மண்டபத்துல உனக்கு மேல ரூம்ல தனியா எல போடச் சொல்லிப்போட்டேன். பந்தில ஒரே நெருக்கடியா இருக்கும். நீ நிம்மதியா உக்காந்து சாப்புடு, என்ன?"

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் எனக்கு எரிந்தது. கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கொடுத்து அனுப்பியிருப்பேன்.

என் வலது கையில் நாலு விரல் கிடையாது. கட்டைவிரல் மட்டும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பட்டறையில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ்ஸில் போனது. தப்பு என்னுடையதுதான், யாரையும் சொல்வதற்கில்லை. ஆர்டர் அவசரம், ஓட்டுகிற ஆள் லீவு, வேகமாக ஓடட்டும் என்று முன்பக்கத் தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு நானே உட்கார்ந்தேன். சட்டென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்தக் கதையை இதற்கு மேல் நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆறே மாதத்தில் இடது கையால் கையெழுத்துப் போடக் கற்றேன். வெர்னியர் பிடிக்கிறேன், பூக்கோசு நறுக்குகிறேன், புடவை கட்டுகிறேன். எங்கள் பட்டறைக்கு வருகிற ஒருவரும் இப்போது என் கையைப் பார்ப்பதில்லை. பார்ப்பது பந்தியில்தான். நம் ஊரில் இடது கை எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கையை இலையில் வைத்தால் எதிர்வரிசை முழுக்க மென்று கொண்டிருப்பதை நிறுத்திவிடும். வீட்டில் ஸ்பூன் இருக்கிறதே, அதையே கொண்டுபோகலாமே என்பீர்கள். கொண்டுபோனேன். ஒறம்பரையில், சொந்தக்காரர் வீட்டில், ஒரு கிரகப்பிரவேசம். ஸ்பூன் வாழையிலையை நீளமாகக் கிழித்தது, கிழிசல் வழியாக ரசம் இறங்கி ஓடி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் பட்டுப்புடவையில் போய்ச் சேர்ந்தது. அவர் கோபப்படவில்லை. "பரவால்லைங்க, பரவால்லைங்க" என்று ஏழெட்டுத் தடவை சொன்னார். அன்றைக்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் மொய்க் கவரைக் கொடுத்து, சிரித்து, "பிரஷர் மாத்திர போடோணுங்க, நேரமாச்சுங்க" என்று நழுவி வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிடுகிறவளாகிவிட்டேன். எனக்குப் பிரஷரே கிடையாது.

ஆனால் இந்தக் கல்யாணம் அப்படி இல்லை. அந்தப் பெண் பிறந்த அன்றைக்கு கோபிச்செட்டிபாளையம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் நான். அவள் கல்யாணத்தில் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட என்னால் ஆகாது. முதல் பந்தியில் உட்காருவேன், எல்லோரும் பார்க்க உட்காருவேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதை என் தோழியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, அவளுக்குக் கண் நிற்காது. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, கேலி பண்ணுவதும் திட்டுவதும் மட்டும் தமிழ். அந்தத் தமிழ் அவள் தாங்கமாட்டாள்.

அதற்குத்தான் சுஷி.

நாங்கள் மூன்று பேர். பத்திரிகை வைத்தவள் கோபிக்காரி. வாழையும் தென்னையுமாகத் தோட்டத்துக்கு நடுவில் வீடு. இன்னொருத்தி துடியலூர்க்காரி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறை. அன்றையிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்களில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வெளியே போய், மூன்று பேரும் அதுவரை தின்றே இராத ஒன்றைத் தின்றாக வேண்டும். என் கல்யாணத்துக்கு நூடுல்ஸ். துடியலூர்க்காரி கல்யாணத்துக்கு பீட்சா. அதில் இருந்த கறுப்பு ஆலிவை மூவரும் பொறுக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டோம். இந்தத் தடவை எதுவென்று முடிவு செய்கிற முறை என்னுடையது. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு ஜப்பான் ஓட்டல், ஞாயிறானால் வாசலில் கும்பல் நிற்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். "சுஷி" என்றேன்.

"பச்ச மீனா?" என்று போனில் அலறினாள் கோபிக்காரி. "நான் பத்திரிக அடிச்சதுலருந்து கவுச்சி தொடறதில்ல புள்ள."

"காய்லயும் பண்றாங்க. வா."

என் கணக்கை அவர்களிடம் சொல்லவில்லை. அங்கே யாரும் கையால் சாப்பிட மாட்டார்கள், இரண்டு குச்சிதான். குச்சிக்கு வலதும் இல்லை, இடதும் இல்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் பத்து விரலும் இருந்து என்ன, குச்சி பிடிக்க வராது. எனக்கு ஐந்து வாரம் இருக்கிறது. நான் கற்றுக்கொண்டு போய், கோபிக்காரி கண் முன்னால் சிந்தாமல் சிதறாமல் சாப்பிட்டுக் காட்டி, அப்புறம் கேட்பேன்: இவ்வளவு சுத்தமாகச் சாப்பிடுகிறவளுக்கு எதற்கடி மாடி அறை?

மறுநாளே குச்சி வாங்கினேன். முதல் வாரம் நிலக்கடலை. பட்டறையில் மதியம் எல்லோரும் தூக்குப்போசியைத் திறக்கும்போது நான் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குக் கடலை மாற்றிக்கொண்டிருப்பேன். லேத் ஓட்டுகிறவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், "ஏனுங்க மேடம், டாக்டர் சொன்னாருங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். பொய்தான். இரண்டாவது வாரம் இட்லித் துண்டு. மூன்றாவது வாரம் அரிசிம்பருப்புச் சோறு. என் கணவர் அதை உருண்டை உருண்டையாகப் பிடித்துத் தட்டில் அடுக்கித் தருவார், நான் ஒவ்வொன்றாகத் தூக்கி வாயில் போட வேண்டும். சுவரில் அடித்தாலும் உடையாத மாதிரி இறுக்கிப் பிடித்துத் தந்தார் மனிதர். அவர் நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். பிற்பாடு அதுவே எனக்கு வினையாகப் போனது.

"ஏம்மணி, இந்த வேகத்துல தின்னா நாஷ்டா முடியறதுக்கே மத்தியானம் ஆயிருமாட்ட இருக்குது" என்பார்.

"உங்களுக்கு அவசரம்னா நீங்க எந்திரிச்சுப் போங்க."

கடைசி வாரம் நான் ஒரு உருண்டையைக்கூட நழுவவிடவில்லை. இடது முன்கை ராத்திரியெல்லாம் வலித்தது, தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன். ஆனால் என்னால் முடிந்தது.

அந்த ஞாயிறு பன்னிரண்டரைக்கெல்லாம் அங்கே போய்விட்டோம். எங்களுக்கு முன்னாலேயே இருபது பேர். எல்லாம் சின்னஞ்சிறுசுகள், ஐ.டி. கம்பெனி, காலேஜ். பட்டுக்கரைப் புடவையில் நாங்கள் மூன்று பேர்தான். கோபிக்காரி அங்கிருந்து அப்படியே பத்திரிகை வைக்கப் போக வேண்டும், சொந்தக்காரர்கள் நாலைந்து வீடு பாக்கி என்று பெரிய பை ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தாள். அதற்குள் பத்திரிகைக் கட்டு, குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கு எல்லாம். உட்கார்ந்த இடத்தில் அதை மடியைவிட்டு இறக்கவே இல்லை.

மேஜை கிடைக்கவில்லை, கவுன்ட்டர்தான் கிடைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று சோற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், மணிப்பூர்க்காரர். "வாங்க்கா, உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார். அசல் கோயமுத்தூர்ப் பேச்சு. பத்து வருஷமாக இங்கே இருக்கிறாராம்.

பச்சையாக ஒரு காரத்தை ஓரத்தில் வைப்பார்களே, அதைச் சட்னி என்று நினைத்து அள்ளித் தின்று ஏமாறுகிற கதை எங்களுக்கு நடக்கவில்லை. துடியலூர்க்காரி முந்தின நாளே மொபைலில் எல்லாம் பார்த்துக் குறிப்பெடுத்து வந்திருந்தாள். "அது கடுகாட்ட மூக்குல ஏறும், ஆரும் தொடாதீங்க" என்று ஆரம்பத்திலேயே வகுப்பெடுத்தாள்.

முதலில் வந்தது சுருட்டி வெட்டினது. நடுவில் வெள்ளரிக்காய், சுற்றிச் சோறு, வெளியே கறுப்பாக ஒரு கடல்பாசித்தாள். மூவரும் குச்சியைக் கையில் எடுத்தோம். துடியலூர்க்காரி ஐந்து நிமிஷம் போராடிவிட்டு, ஒரு குச்சியை அதன் நடுவில் குத்தித் தூக்கித் தின்றாள். கோபிக்காரி பிடித்தது வழுக்கி எகிறி அவள் பைக்குள்ளேயே விழுந்தது. "ஐயோ, பத்திரிக!" என்று பையைக் கொட்டித் தேடினாள். இப்போது என் முறை. இடது கையில் குச்சியைப் பிடித்தேன், ஒரு துண்டைத் தூக்கினேன், வாயில் வைத்தேன். அப்புறம் இன்னொன்று. இன்னொன்று.

இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"அடி ஆத்தீ! எப்ப புள்ள கத்துக்கிட்டே?" என்றாள் கோபிக்காரி.

"இதென்ன பெரிய வித்தையா" என்றேன். உள்ளே எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கூடத் தலையாட்டினார். மனசுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டேன். அடுத்த தட்டு முடியட்டும், கேட்டுவிடலாம்.

அடுத்த தட்டு பலகையில் வந்தது. கால் வைத்த சின்ன மரப்பலகை. அதில் விரல் நீளத்துக்குச் சோற்றுப் பிடி, அதன் மேல் எனக்கும் துடியலூர்க்காரிக்கும் மீன். கோபிக்காரிக்குச் சுட்ட கத்திரிக்காய், காளான். கூடவே தொட்டுக்கொள்ளச் சின்னக் கிண்ணத்தில் சோயா சாஸ்.

இங்கேதான் தப்பு நடந்தது. வேறு ஊர்க்காரர்கள் செய்வார்களா தெரியாது. குழம்பில்லாமல் சோறு தின்று பழகாத ஊர்க்காரி கட்டாயம் செய்வாள். லேசாகத் தொட்டு எடுக்க வேண்டுமாம். நான் கிண்ணம் நிறையச் சோயாவை ஊற்றி, இட்லியைச் சாம்பாரில் ஊற வைப்பதுபோல் சோற்றுப் பக்கத்தை அதில் அமுக்கி நன்றாக இழுக்கட்டும் என்று நிதானமாகப் பிடித்திருந்தேன். என் கணவர் பிடித்த உருண்டை என்றால் நாள் முழுக்க ஊறினாலும் உடையாது. இவர் பிடித்தது வாயில் போட்டதும் உதிர வேண்டும் என்று பூவாகப் பிடித்தது. தூக்கினேன். மீன் மட்டும் குச்சியில் வந்தது. சோறு முழுக்கக் கிண்ணத்தில் கரைந்து கிடந்தது. அதைப் பிடிக்கப் போய்க் கிண்ணம் சாய்ந்து, சோயா என் புடவைக் கரையில் ஒரு சாணுக்கு இறங்கியது.

இன்னொன்றை எடுத்தேன். அதுவும் பாதி வழியில் பிய்ந்து பலகையில் விழுந்தது.

பரிமாறுகிற பெண் ஓடி வந்தாள். பாவம், என் வலது கையையும் பார்த்துவிட்டாள். திரும்பிப் போய், மேல் பக்கம் ரப்பரில் கட்டிச் சேர்த்த ஒரு குச்சியைக் கொண்டுவந்து வைத்தாள். அதன் நுனியில் ஒரு கரடி பொம்மை. "கொழந்தைங்களுக்குக் குடுக்கறதுங்க மேடம், ஈசியா இருக்கும்" என்றாள்.

நான் அந்தக் கரடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கோபிக்காரி தன் பலகையிலிருந்து ஒரு கத்திரிக்காய்த் துண்டைக் கையால் எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். "வெசனப்படாத கண்ணு. ஆ காட்டு. நான் ஊட்டி உடறேன்."

"கைய எடு."

"எதுக்கு புள்ள..."

"கைய எடுங்கறேன்!"

பக்கத்து மேஜைகள் திரும்பின. அவள் கையைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது. ஐந்து வாரம் கடலை பொறுக்கியதெல்லாம் ஒரு கிண்ணம் சோயாவில் கரைந்துபோயிற்று. எழுந்து போய்விடலாம், பிரஷர் மாத்திரை என்று சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் சொன்னார். "அக்கா, நீங்க ஏனுங்க இதக் குச்சியில எடுக்கறீங்க? சுருட்டுனதுக்குத்தானுங்க குச்சி. இது கையில எடுத்துத் திங்கறதுங்க. எனக்குக் கத்துக்குடுத்த ஜப்பான்காரர் கையிலதான் திம்பாருங்க. மீன் பக்கமா லேசாத் தொட்டு, அப்படியே வாயில போடுங்க."

"கையிலயா?"

"கையிலதானுங்க."

"எந்தக் கையில?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் வலது கையைப் பார்த்தார். பார்த்ததை மறைக்கவில்லை. "சோறு எந்தக் கைக்கு வருதோ அந்தக் கையிலங்க" என்றார். சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்று பிடித்து என் பலகையில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

எந்தக் கையை இலையில் வைக்கக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டேனோ, சுற்றி வளைத்து அந்தக் கையிடமே வந்து நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால், என் மேல்தான். இரண்டு வருஷமாக இந்தக் கையை ஒளித்ததும் நான்தான். குச்சியைக் கொடுத்து இன்றைக்கும் ஒளிக்கப் பார்த்ததும் நான்தான். என் பட்டறையை ஓட்டுகிற கை இது. இதற்கு என்ன குறைச்சல்?

குச்சியைக் கீழே வைத்தேன். வைத்தேன் என்ன, போட்டேன், சத்தம் கேட்டது. இடது கையால் அந்தச் சோற்றுப் பிடியை எடுத்தேன். மீன் பக்கமாகத் திருப்பி லேசாகத் தொட்டு வாயில் போட்டேன். ஒரு பருக்கை சிந்தவில்லை. பச்சை மீன் நான் பயந்த மாதிரி இல்லை, வெண்ணெயாட்டம் இருந்தது.

பக்கத்து ஸ்டூலில், மகளோடு வந்திருந்த ஒரு அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, "இதுதாங்க எனக்குச் சாப்பாட்டுக் கை" என்றேன். "ஐயோ, சாப்புடுங்க, சாப்புடுங்க" என்று அவர் அவசரமாகத் தன் தட்டுக்குள் குனிந்துகொண்டார். அவ்வளவுதான் விஷயம். இதற்கா இரண்டு வருஷம் ஓடினேன் என்று ஆத்திரமாக வந்தது.

நான் கோபிக்காரியைப் பார்த்துச் சொன்னேன். "வெள்ளிக்கெழம மாடி ரூமு எனக்கு வேண்டாம். நான் மொதப் பந்தில உக்காருவேன். இந்தக் கையிலதான் திம்பேன்."

அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "உன்ற நல்லதுக்குத்தானே சொன்னேன். சம்பந்தக்காரங்க ஊட்டு ஆளுங்க ஒருத்தர் ஒண்ணு சொல்லிப்போட்டா உனக்குத்தானே நோகும்?"

"எனக்கு நோகறத நான் பாத்துக்கறேன். பத்திரிகைய எதுக்கு மேஜ மேல வெச்சே?"

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. துடியலூர்க்காரி மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். கோபிக்காரி நினைத்திருந்தால் மழுப்பியிருக்கலாம், இடம் இல்லை, மறந்துவிட்டேன் என்று ஏதாவது. செய்யவில்லை.

"தெரிஞ்சுதான் வெச்சேன்" என்றாள். குரல் இறங்கிப்போயிருந்தது. "நல்ல காரியம். நான் குடுத்து நீ எடது கையில வாங்குனா... புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிப்போயிருமோன்னு பயம். ஒத்தப் புள்ள. தப்புன்னு எனக்கே தெரியும். ஊட்டுக்குப் போயி அழுதேன். ஆனா அந்த நேரத்துல என்ற கை வரல."

அவள் பொய் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். உண்மையைச் சொன்னவளை என்ன செய்வது? வலித்தது, நிஜமாகவே வலித்தது. ஆனால் அவள் பயமும் நிஜம். இந்தப் பெண் பிறப்பதற்கு முன்னால் அவளுக்கு மூன்று குழந்தைகள் தங்காமல் போனதை நான் அறிவேன். அப்போதெல்லாம் பஸ் ஏறிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும் நான்தான்.

அவள் எனக்கு ஊட்ட எடுத்த கத்திரிக்காய்த் துண்டு அவள் பலகையில் நசுங்கிக் கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம், "ஏனுங்க, கத்திரிக்கா இன்னொண்ணு குடுங்க" என்றேன். கொடுத்தார். மீன் பட்ட கையை நன்றாகத் துடைத்துவிட்டு அதை இடது கையால் எடுத்தேன். அவள் கிண்ணத்துச் சோயாவில் லேசாகத் தொட்டேன். அவள் பலகையில் வைத்தேன்.

"சாப்புடு" என்றேன்.

அவள் அதைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தின்னவில்லை என்றால் நான் எழுந்து போய்விடுவேன், வெள்ளிக்கிழமை போகமாட்டேன், இருபத்தெட்டு வருஷம் அதோடு முடிந்தது. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. துடியலூர்க்காரிக்கும் தெரிந்திருந்தது, அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் மெனுக் கார்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

கோபிக்காரி மூக்கை உறிஞ்சினாள். அந்தத் துண்டை எடுத்து முழுசாக வாயில் போட்டாள். கன்னம் உப்ப மென்றாள், கண்ணில் தண்ணீர் ஓட விழுங்கினாள்.

"எப்படி இருக்குது?" என்றேன்.

"கத்திரிக்கா நல்லாச் சுட்டிருக்காங்க. உப்புத்தான் தூக்கல்."

துடியலூர்க்காரி மெனுவை இறக்கினாள். "ரெண்டு பேரும் முடிச்சாச்சா? கியூவுல நிக்கறவங்க நம்மளையே மொறைக்கறாங்க. அழுகாச்சிய வெளிய போயி வெச்சுக்கலாம். இன்னும் ஒரு தட்டு சொல்லட்டுமா?"

"இரு புள்ள" என்று கோபிக்காரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பையைத் தோளில் மாட்டித் திறந்தாள். பத்திரிகை ஒன்றை எடுத்தாள், வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழ் எடுத்தாள். தட்டைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு நொடி யோசித்துவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்தாள். "ஏனுங்க, அந்தப் பலக ஒண்ணு குடுங்க. கழுவுனதா, மீன் படாததாக் குடுங்க."

அவர் அலமாரியிலிருந்து புதுப் பலகையாகப் பார்த்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்துக் கொடுத்தார். கால் வைத்த அந்தச் சுஷிப் பலகை மேல் வெற்றிலையை வைத்து, பாக்கை வைத்து, அதன் மேல் பத்திரிகையை வைத்தாள். "எந்திரி" என்றாள்.

எழுந்தேன். பழக்கத்தில் இடது கையை நீட்டி, வலது கையை அடியில் முட்டுக்கொடுத்தேன்.

"அது எதுக்கு? அத எடு."

எடுத்தேன். குங்குமச் சிமிழைத் திறந்து என் முன்னால் நீட்டினாள். இந்தத் தடவை அவள் வைத்துவிடவில்லை, நான் எடுப்பதற்காக நின்றாள். இடது கை மோதிர விரலால் எடுத்து நானே வைத்துக்கொண்டேன். பிறகு பலகையை இரண்டு கையாலும் ஏந்தி என் இடது கையில் வைத்தாள். உடனே விடவில்லை. கனம் என் உள்ளங்கையில் உட்காருகிற வரைக்கும் பிடித்திருந்து, அப்புறம்தான் கையை எடுத்தாள்.

"புள்ளைக்குக் கல்யாணம். குடும்பத்தோட வரோணும்" என்றாள், முறைப்படி, வெளியாளுக்குச் சொல்வதுபோல். அப்புறம் வழக்கமான குரலில், "மொதப் பந்தி ஏழு மணிக்கு. லேட்டா வந்தீன்னா எடம் புடிச்சு வெக்க மாட்டேன், ஆமா."

பலகையைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மணிப்பூர்க்காரர், "எங்களுக்குப் பத்திரிக இல்லீங்களா?" என்று கேட்டார். அவள் அவருக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் முதல் வரிசையில் முதல் இலைக்கு உட்கார்ந்தேன். என் கணவர் பக்கத்தில். எதிரே மாப்பிள்ளை வீட்டார். இடது கையால் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தேன். இரண்டு பேர் பார்த்தார்கள், ஒருவர் பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். சொல்லட்டும். மாடிப்படிப் பக்கம் நின்று கோபிக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையைக் குனியவில்லை. சோறு வந்தது, பருப்பும் நெய்யும் வந்தன, பிசைந்து சாப்பிட்டேன். அப்புறம் ரசம் ஊற்றினார்கள். இலை கிழியவில்லை.